தறிக்குழியின் மேல் மூன்றாவது பெட்டி

நண்பா,

பல மாதங்களாகத் தொடாத ரேடியோவை நேற்று மாலை போட்டேன். வால்வுகள் சூடேறியதும், மேலே படிந்திருந்த தூசி கருகும் வாசனை எழுந்தது. உன் கூடத்தின் வாசனை. செய்தி தொடங்குமுன்பே அணைத்துவிட்டேன். எழுந்தேன், அமர்ந்தேன், வாசல்வரை போய்த் திரும்பினேன். இன்று காலையிலிருந்து ஒரு வழக்குக் கட்டைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருக்கிறேன். உனக்கு எழுதாமல் இது அடங்காது. எழுதினாலும் அடங்கும் என்று உறுதி கூற இயலாது.

உன் ஸ்டீரியோவுக்கு முதலில் இரண்டு பெட்டிகளே இருந்தன. பழைய வால்வு செட்டு. குரலும் வீணையும் தெளிவாகக் கேட்கும். மிருதங்கத்தின் இடப்பக்கம் மட்டும் அட்டையைத் தட்டியதுபோல் இருக்கும். அதற்காகத்தான் மூன்றாவது பெட்டி. கல்யாண மைக்செட்காரர் கழித்துப்போட்ட பதினைந்து அங்குல ஸ்பீக்கரைத் தடித்த பலகைப் பெட்டிக்குள் பொருத்தினாய். இரு பக்கத்து ஒலியையும் கலந்து, தனி ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் வழியாகக் கனத்த ஒலி மட்டும் அதற்குப் போகும்படி செய்தாய். நீ குடியிருந்தது முன்பு நெசவாளர் வீடு. நெய்பவர் கால்விட்டு உட்காரும் தறிக்குழி, பலகையால் மூடப்பட்டுக் கூடத்தில் கிடந்தது. வேறு இடமில்லாததால் பெட்டியை அந்தப் பலகைமேல் வைத்தாய். குழி கடம்போல் முழங்கியது.

"பெட்டி இருக்குதுன்னே தெரியக் கூடாதுபா. எடுத்துட்டா மட்டும்தான் தெரியணும்" என்று சொல்லி, நான் கேட்டுக்கொண்டிருக்க, ஒலித் திருகைக் குறைத்துக்கொண்டே போனாய்.

அந்தப் பெட்டி வந்த மூன்றாம் ஆண்டு, உன் பக்கத்து வீட்டு நெசவாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். "வக்கீல் சார், உங்க சிநேகிதரு பாட்டு கேக்கறாரா, கெணறு வெட்டறாரா? சுவத்துக்கு இந்தாண்ட எங்க குழியும் சேந்து அதிருது. இழை அறுந்தா தறி சத்தத்துலயே கண்டுபிடிச்சிடுவோம். இப்ப ஒண்ணும் காதுல விழல. முகூர்த்தப் பொடவை சார்!"

நோட்டீஸ் அனுப்பாமல் நேரில் வந்தேன். இசைத்தட்டு முடிந்து, ஊசி கடைசி வளையத்தில் வெறுமனே உரசிக்கொண்டிருந்தது. நீ வாசலுக்கு முதுகைக் காட்டி, வெறுங்காலைப் பலகையில் ஊன்றி அமர்ந்திருந்தாய். மூன்று முறை கூப்பிட்டேன். நான் பலகையில் கால் வைத்த பிறகே திரும்பினாய். திருகு ஏன் ஏறிக்கொண்டே போயிற்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காதுக்கு எட்டாததை நீ காலால் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"எவ்வளவு நாளா?" என்று கத்தினேன்.

"கத்தாதேபா. என் முகத்தைப் பாத்து மெதுவா பேசு, புரியும். ரெண்டு வருஷமா இப்படித்தான். கோர்ட்டுல ஜட்ஜு உதட்டைப் பாத்துக்கினே டைப் அடிக்கறேன். மீசைக்கார ஜட்ஜு வந்தாருன்னா என் கதை முடிஞ்சுது" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "நாளைக்கே இப்ப இருக்கற ஜட்ஜுகிட்ட சொல்லிடறேன். ரெக்கார்டு ரூமுல போடச் சொல்றேன். அங்க கட்டுங்களா பேசப் போவுது?"

நான் தடுத்தேன். "எதையும் ஒத்துக்காதே. எழுத்துல ஒண்ணும் குடுக்காதே. கேட்டா, அவங்க நிரூபிக்கட்டும்." கட்சிக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் பதிந்த வாக்கியங்கள். சாட்சியம் பிழைபட்டால் யாரோ ஒருவர் பாதிக்கப்படுவார் என்பது எனக்குத் தெரியாததன்று. தெரிந்தே சொன்னேன். நீ நம்பினாய்.

நெசவாளருடன் உடன்பாடு எளிதில் முடிந்தது. "அமாவாசைக்குத் தறியைத் தொட மாட்டோம். அன்னிக்கு ஊரே அதிர வைக்கச் சொல்லு சார்" என்றார். அதன்பிறகு நீ மாதம் ஒரு நாளுக்காகக் காத்திருந்தாய்.

புதிதாக வந்த நீதிபதிக்கு மீசை இல்லை. ஆனால் காகிதத்திலிருந்து முகத்தை எடுக்காமலே பேசுவார். ஒரு நிலவழக்கில், சாட்சி சொன்னவற்றில் இரண்டு வரிகள் விடுபட்டன. எதிர்த்தரப்பு வக்கீல் கண்டுபிடித்தார். விசாரணையில் உன்மேல் சுமத்தப்பட்ட குற்றம் காது கேளாமை அன்று, அதை மறைத்தது. மறைத்த காலத்தில் கடைசி எட்டு மாதங்கள் என் ஆலோசனைப்படி நடந்தவை. அது எந்தக் காகிதத்திலும் பதிவாகவில்லை. நீயும் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போயிற்று.

பின்னர் ஓர் அமாவாசையன்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாய்: "நானே போய்ச் சொல்லியிருந்தா என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பாங்களா?"

"அது அப்போ இருந்த ஜட்ஜைப் பொறுத்தது."

"தீர்ப்பு கேக்கலபா. உன்னைக் கேக்கறேன்."

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பதில் சொன்னேன். என் உதடு உனக்குத் தெரியாது என்பதை அறிந்தே திருப்பினேன். நீ மறுபடி கேட்கவில்லை. தட்டைப் புரட்டி வைத்தாய். அடுத்த மழைக்காலத்தில் நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

இப்போதும் கட்சிக்காரர் யாரிடமாவது "ஒத்துக்காதே" என்று சொல்ல வாயெடுத்தால் நாற்காலியில் இருப்புக்கொள்வதில்லை. நடந்துகொண்டே பேசுகிறேன். வயதாகிவிட்டது என்று குமாஸ்தா நினைக்கிறார்.

ஜன்னலைப் பார்த்து அன்று நான் சொன்னதை இங்கே எழுத்தில் தருகிறேன். அனுப்பியிருக்க மாட்டார்கள். உன்னை நான் தடுத்திருக்கக் கூடாது.