அக்காவின் காதுக்கு நான்கு டயர்கள்

குவைத்
வியாழன் மாலை

என் அக்கா பெற்ற ஒரே அறிவாளி கனீமாவுக்கு,

தென்திசை நெடுஞ்சாலைகளின் சக்கரவர்த்தியும், உன் அம்மாவின் சம்பளமில்லா ஓட்டுநருமான மிஷாரி மாமாவின் ஸலாம். கிளாஸ்கோவில் மழை நின்றுவிட்டதா? நின்றிருக்காது. இங்கே வெயில் மார்ச் மாதத்திலேயே பல்லைக் காட்டுகிறது.

"அம்மா இவ்ளோ சுலபமா ஒத்துக்குவாங்கன்னு நெனைக்கவே இல்ல மாமா, நீங்கதான் முன்னாடியே பேசி வச்சிருக்கணும்" என்று நன்றி சொல்லி எழுதியிருந்தாய். போனில் பதில் சொன்னால் நடுவில் அழுது என் பேச்சைக் கெடுப்பாய். அதனால் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். படிப்பு முடிந்ததும் நீ அங்கேயே ஆஸ்பத்திரி வேலையில் சேரப்போகிறாய், ஜூனில் வரப்போவதில்லை, நாலு வருஷம் ஆகும் என்று அந்த வெள்ளிக்கிழமை சொன்னாயே, அதில் ஒரு வார்த்தைகூட உன் அம்மா காதில் விழவில்லை. என் டயர் சத்தம் தாங்காமல் காது மெஷினைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டிருந்தாள். போனில் உன் முகம் அசைவதைப் பார்த்துத்தான் "நல்லது கண்ணு, நல்லது, வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள். அது சம்மதம் இல்லை, கனீமா. அவள் எல்லாருக்கும் சொல்வது.

எல்லாம் பூ நவாஃப் பார்த்த வேலை. நம் திவானியாவில் மெத்தையை அழுத்தி உட்கார்ந்து, தேநீர் குடித்தபடி தினமும் உலகத்தை நிர்வகிக்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். பாலைவனக் கூடாரப் பருவம் தொடங்குமுன், "யானை மாதிரி வண்டி வச்சிக்கிட்டு வெண்ணெய் மாதிரி டயரா? மணல்ல எறங்கினா மானம் போயிடும்டா" என்றார். மானத்தைக் காப்பாற்ற, முதலைப் பல் மாதிரி கட்டை கட்டையாக ரப்பர் வைத்த டயர்களை மாட்டினேன். பருவம் முழுக்க ஒரே ஒரு முறை மணலில் இறங்கினேன். சிக்கினேன். கயிறு கட்டி இழுத்ததும் பூ நவாஃப்தான். மற்ற நாளெல்லாம் தார்ச் சாலைதான். வேகம் நூறைத் தொட்டால் போதும், விமான நிலையத்தில் நிற்கிற அத்தனை விமானமும் என் பின்சீட்டிலிருந்து ஒன்றாகக் கிளம்பும்.

வீட்டில் வைத்துச் சொல்லலாமே என்பாய். வீட்டுக்கு உன் அழைப்பு வந்தால் போன் உன் பெரியம்மாவிடம் தொடங்கி, அத்தைகள் வழியாகச் சமையலறைவரை ஊர்வலம் போய், உன் அம்மா கைக்கு வரும்போது சார்ஜ் செத்திருக்கும். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கைரான் கடற்கரை வீட்டுக்குப் போகிற அந்த ஒரு மணி நேரம்தான் உங்கள் இருவருக்கும் சொந்தம். நான் வெறும் ஸ்டியரிங். ஆகவே வண்டியை ஊமையாக்குவது என்று சபதம் எடுத்தேன். உலகத்தில் இதைவிடக் கேவலமான சபதத்தை எந்த அரசனும் எடுத்திருக்க மாட்டான்.

ஷுவைக்கில் டயர் கடைக்காரர் என் முறையீட்டைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சத்தமா? பாட்டை ஏத்தி வைங்க, தெரியாது" என்றார். பிறகு ஏதோ பந்தயக் குதிரைக்குப் போல பெரிய வீலும், பக்கவாட்டில் ரொட்டி கனம்கூட இல்லாத டயரும் மாட்டி அனுப்பினார். பார்க்க அழகு. ஆனால் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் நேராக முதுகெலும்பில் ஏறியது. "கீழே ஹரீஸ் கஞ்சிக்குக் கோதுமை இடிக்கிறாங்களா? எறக்கி விடுடா, கைரானுக்கு நடந்தே வர்றேன்" என்றாள் அக்கா. மெஷின் மறுபடி கைப்பைக்குள் போனது. அன்று நீ மழையைப் பற்றிப் பேசினாய். அதற்கும் "நல்லது" என்றாள், கவனித்தாயா?

மறுபடி கடை, மறுபடி சண்டை. நெடுஞ்சாலைக்கென்றே செய்த டயராம். பக்கவாட்டு ரப்பர் தடித்தது, ரப்பரில் வெட்டிய கோடுகள் நெருக்கமானவை, சத்தத்தை விழுங்க உட்பக்கம் ஸ்பஞ்ச் ஒட்டியது. நான்கு கேட்டேன். முதலில் தப்பான அளவு வந்தது. அப்புறம் சரியான அளவில் மூன்று வந்தது, நான்காவது துறைமுகத்தில் ஓய்வெடுத்தது. மூன்று சக்கரத்தில் நான் என்ன ஆட்டோவா ஓட்டுவது என்று கத்திய கத்தலில் பஸ்ரா வரை புறா பறந்திருக்கும். ஒருவழியாக மாட்டினால், காற்றைக் கல் மாதிரி அடைத்து வைத்திருக்கிறார்கள்! அப்போதும் தம் தம் என்று அதிர்ந்தது. கதவோரம் ஒட்டியிருக்கிற தாளில் போட்டிருக்கும் அளவுக்கு நானே இறக்கினேன்.

திவானியாவில் என் மரியாதை அன்றோடு முடிந்தது. "என்ன மிஷாரி, வண்டிக்கு ஆஸ்பத்திரி செருப்பு வாங்கிப் போட்டிருக்கே?" என்று பூ நவாஃப் கேட்க, ஒரு கிழவருக்குத் தேநீர் புரையேறியது. பொறுத்துக்கொண்டேன். உனக்காக, கழுதை.

போன வெள்ளிக்கிழமை உனக்குப் பரீட்சை, அழைக்கவில்லை. வண்டி கம்பளத்தில் பூனை போலப் போனது. அக்கா தானாகவே மெஷினை எடுத்துக் காதில் வைத்தாள். கொஞ்ச தூரம் போனதும், "டிக் டிக்னு ஒரு சத்தம் வருதே, ரிப்பேரா?" என்றாள். இண்டிகேட்டர், கனீமா. இத்தனை நாள் அதைக்கூட அவள் கேட்டதில்லை.

அப்புறம் கேட்டாள்: "அன்னிக்குப் புள்ள ரொம்ப நேரம் பேசிச்சே. என்னடா சொல்லுச்சு?"

இவ்வளவு பாடுபட்டு நான் வாங்கிய அமைதி என் கழுத்தைப் பிடித்தது. ஒளிந்துகொள்ள ஒரு சத்தம்கூட இல்லை. "படிப்பைப் பத்தித்தான்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, "ஜூன்ல வந்துடும். அது ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கேன், நாளைக்கு இல்ல, அடுத்த சனிக்கிழமை ஆள் வர்றான். வெளிர்நீலம் இன்னும் பிடிக்குமா அதுக்கு?" என்றாள். எந்தத் திருப்பமும் இல்லாத நேர்ச் சாலையில் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு ரொம்ப தூரம் ஓட்டினேன். பின்னால் வந்த லாரிக்காரன் என் பரம்பரையையே விசாரித்தான்.

வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. போ. நாளை தொழுகை முடிந்ததும் அழை. மெஷின் காதில் இருக்கும். ஏசியையும் குறைத்து வைக்கிறேன், வேர்த்தால் வேர்க்கட்டும். மெதுவாகச் சொல். சொல்லிவிட்டு உடனே வைத்துவிடாதே. அவள் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாலும் காத்திரு. கடைசியில் அவள் பழையபடி "நல்லது கண்ணு" என்றே சொல்லலாம். இந்த முறை கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

அல்லாஹ் உன் கைக்குப் பலமும் நாக்குக்குத் தைரியமும் தரட்டும். வெளிர்நீலம் பிடிக்குமா என்பதையும் நீயே அவளிடம் சொல்லிவிடு.

கண்ணைச் சாலையிலேயே வைத்திருக்கப் போகிற,
மிஷாரி மாமா