பெரட்டில் பிடித்த குடை

அன்புள்ள உங்களுக்கு,

இன்று எழுந்ததும் முதலில் டேப்லட்டில் சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன். சாமிக்கு விளக்கு வைத்தது அதற்குப் பிறகுதான்.

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் யார் எந்த மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவது என்பதை இப்போது டேப்லட்டிலுள்ள ஏஐதான் முடிவு செய்கிறது. கிளார்க் என்று நான் அதை வாசிக்க மட்டும் செய்கிறேன். மாற்றுவதற்குப் பொத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தொடுகிற கிளார்க் தோட்டத்துக்குத் தேவையில்லை என்று துரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். வேலை போனால் இந்தக் குவாட்டர்ஸும் போகும். உங்கள் அம்மாவை எங்கே கூட்டிப்போவேன்?

கைக்குழந்தைக்காரிகளுக்கு, அவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மலையைக் கொடுப்பதுதான் வழக்கம். இன்று வினோதாவுக்கு உச்சி மலை விழுந்தது.

"அக்கா, பால் குடுக்க அங்கேருந்து எப்புடி எறங்கி வருவேன்?"

"நான் போடலம்மா, மெசின் போட்டது" என்றேன்.

பின்னாலிருந்து வேலாயி கேட்டாள்: "அப்ப நீங்க எதுக்குங்க நிக்கிறீங்க? மெசினுக்குக் கொட புடிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். தூறலில் டேப்லட்டுக்குத்தான் குடை பிடித்திருந்தேன். என் தோள் நனைந்திருந்தது.

பிறகு பிள்ளைக் காம்பராவைக் கடந்தபோது வினோதாவின் குழந்தை புட்டிப்பாலைத் துப்பிவிட்டு அழுதது. நான் நிற்காமல் வந்துவிட்டேன்.

போனில் கேட்டால் வேலை சுகம் என்றுதான் சொல்வேன். உங்கள் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

நாளை டேப்லட் சொல்வதை வாசிக்கமாட்டேன். வினோதாவைக் காம்பராப் பக்கத்து மலைக்கு நானே அனுப்பப் போகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது எங்கள் விலாசம் மாறியிருக்கலாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மனைவி