பேனரில் பாதி முகம்

செப்டம்பர் 9, செவ்வாய்
பேண்டேஜ் கம்பெனியில் வேலை முடிந்து வந்தேன். தெருமுனையில் என் கண் முன்னாலேயே டவுன் பஸ் ஒதுங்கித் திரும்பியதில் கோயில் பொங்கல் பேனர் மாட்டிக் கிழிந்தது. வெளிநாட்டில் இருந்து கோயில் வரி அனுப்பும் ஒன்பது பேர் படத்தையும் கட்சித் தலைவர் படத்துக்குக் கீழே வரிசையாகப் போடுவது எங்கள் தெரு வழக்கம். சவுதியில், தம்மாமில் இருக்கும் என் வீட்டுக்காரர் சோலைராஜ், கூலிங் கிளாஸும் தானுமாக நிற்கும் படம் மூக்கோடு போச்சு. தெருவே சிரித்தது. நானும்தான்.

செப்டம்பர் 10
கொழுந்தன் பால்பாண்டி கிழிந்த பேனரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறான். லிங்கேஸ்வரன் ஆட்கள் கிழித்தார்களாம்! லிங்கேஸ்வரன் எதிர்க்கட்சியின் கிளைச் செயலாளர். அவர் மனைவி பரிபூரணம் அக்கா கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேசை.

"தம்பி, பஸ் இழுத்தத நான் பாத்தேன்."

"மதினி, நீங்க செத்த பேசாம இருங்க."

வீட்டுக்காரருக்கும் போன் செய்து சொன்னேன். "பஸ்ஸோ எவனோ, ஊரு பூரா என் மூஞ்சியப் பாத்து சிரிச்சிருக்கான்லா? இங்க ரூம்ல தல காட்ட முடியல, ஏட்டி." நானும் சிரித்தேன் என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 22
ஒன்பது பேரும் வரியை என் பேங்க் கணக்குக்குத்தான் அனுப்புவார்கள். பொன்மணி கையில் கொடுத்தால் பத்திரம் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். இந்தத் தடவை போன வருஷத்தைப் போல மூன்று மடங்கு.

"பந்தலுக்கா இம்புட்டு?"

"மைக் செட்டு, கரகாட்டம்னு எல்லாம் வெல ஏறிப்போச்சு, மதினி."

எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 27, புரட்டாசி சனி
லிங்கேஸ்வரனை வெட்டிவிட்டார்கள். பெருமாளைக் கும்பிட ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போன இடத்தில், படிக்குக் கீழே, அக்கா பக்கத்தில் நிற்கும்போதே. மதுரைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். பால்பாண்டி போன் ஆஃப்.

இல்ல. அப்படியெல்லாம் இருக்காது.

செப்டம்பர் 28
செத்துப்போனார்.

செப்டம்பர் 29
வீட்டுக்காரரிடம் இருந்து வாய்ஸ் மெசேஜ். "பால்பாண்டி போன எடுக்கல. நாளைக்குப் பணம் போடுதேன், எடுத்து அவன் கூட்டாளிட்ட குடு. வெட்டுன பயலுவ கேரளாவுக்குப் போணும். கேட்டுட்டு இத அழிச்சிரு."

ஏழு தடவை கேட்டேன். அதே குரல். மகள் பாண்டிசெல்விக்குக் காய்ச்சல் என்றால் போனில் அழுகிற குரல். பூனைக்குட்டியை அடிக்காதே என்கிற மனுஷன். அங்கே உட்கார்ந்துகொண்டு எப்படி முடிந்தது? ரத்தம் தெறிக்காத தூரத்தில் இருந்தால் எதையும் சொல்லலாமா? நான் மட்டும் என்ன — எடுத்துக் கொடுத்த கை இந்தக் கைதானே. பாவி. படுபாவி நான்.

செப்டம்பர் 30
பணம் ஏறிவிட்டது. பேங்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் நம்பர் வந்தது. எழுந்து வெளியே வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். டிஎஸ்பி ஆபீஸ் வாசலில் அரை மணி நேரம் நின்றேன். பிறகு போனை அவர்கள் மேசையில் வைத்தேன். முதல் பணம் எடுத்ததும் நான்தான் என்று சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள். என்னையும் சேர்ப்பார்களா என்று கேட்டதற்கு, கூப்பிடும்போது வர வேண்டும் என்றார்கள்.

அக்டோபர் 6
பால்பாண்டியைச் செங்கோட்டையில் பிடித்துவிட்டார்கள். தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமியார் தனியாக உலை வைக்கிறாள்.

அக்டோபர் 13
பரிபூரணம் அக்கா வேலைக்கு வந்தாள். தன் மேசையைக் கடைசி வரிசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அக்டோபர் 16
தீபாவளிக்கு அவர் வருவதாக இருந்தது. சாப்பிடும்போது பாண்டிசெல்வி கேட்டாள்.

"அப்பா வருவாவளாம்மா?"

"வந்தா ஏர்போர்ட்லயே பிடிச்சிருவாங்க."

"யாரும்மா காட்டிக் குடுத்தா?"

"நாந்தான்" என்றேன்.

சோற்றில் வைத்த கையை அவள் எடுக்கவேயில்லை.