பேச்சித்தாயின் வலது கண்

நாள் 3. காலை 10.15
செயற்கைப் பார்வைச் சோதனை. ஆள்: பிச்சைக்கனி, வயது எழுபத்தொன்று, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளி. பார்வை போய் ஒன்பது வருசம். எனக்கு எழுத்து தெரியாது. சொல்லச் சொல்ல இந்தப் பெட்டி எழுதிக்கொள்கிறது. சோதனை முடியும்வரை யாரும் இதைத் திறக்க மாட்டார்களாம். கண்ணுக்குள் வைத்த சிப் ஓடுகிறது. தெரிவது: புள்ளிகள், வாணலியில் கடுகு வெடிக்கிற மாதிரி. காட்டிய படம் முப்பது. சரி: இரண்டு.

நாள் 9. காலை 10.40
அதே புள்ளிகள். சரி: மூன்று. தப்பாகச் சொன்னால் டாக்டர் இன்பசெல்வி ஸ்பீக்கரில் விடை சொல்லிவிடுகிறார். "அது குடை, ஐயா. அடுத்தது கத்திரி." படங்கள் நாலு அடுக்கு, அடுக்குக்கு முப்பது. தினம் ஓர் அடுக்கு. அடுக்குக்குள் வரிசை மாறவில்லை.

நாள் 14. காலை 11.05
என் மனைவி பேச்சித்தாயும் உப்பளத்து வெயிலுக்குக் கண்ணைக் கொடுத்தவள்தான். வலது கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். வாசல் எது, சுவர் எது என்று தெரியும். அதை வைத்துத்தான் சோறாக்குகிறாள், என்னையும் கைப்பிடித்து நடத்துகிறாள்.
டாக்டர்: "உங்களுக்கு இருபது தேறிட்டா அம்மாவுக்கும் வச்சிரலாம். இல்லேன்னா இத்தோட மூடிருவாங்க, ஐயா."
என் கண் செத்த கண். அவள் கண்ணில் உயிர் இருக்கிறது, அவளுக்கு வேலை செய்யும். நூற்றிருபது உப்புப் பாத்திக்குத் தண்ணீர் விடும் முறையைத் தலைக்குள் வைத்திருந்தவன் நான். நாலு அடுக்கின் வரிசை பெரிதில்லை.

நாள் 15. காலை 10.20
"இன்னிக்கு ரெண்டாம் அடுக்கு, ஐயா." சரி: இருபத்தாறு. நாலை வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். ஸ்பீக்கரில் கைதட்டல். நடுவில் பேச்சி: "இந்தாருங்க, அம்புட்டும் தெரியுதா? இனி என் நரைய மறைக்க முடியாது போல."
தெரிந்தது: புள்ளிகள்.

நாள் 41. மாலை 4.00
பேச்சிக்கு ஆபரேசன் முடிந்தது.

நாள் 44. காலை 9.30
கட்டுப் பிரித்தார்கள். அவளுக்குச் சரி: ஒன்று. சிப் உட்கார்ந்தால் மிச்ச வெளிச்சம் போய்விடுமாம். முன்னாலேயே அவளிடம் சொன்னார்களாம். "அவருக்கே தெரியுதே" என்று கைநாட்டு வைத்தாளாம். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாள் 47. காலை 9.50
சரி: பூஜ்யம். எழுந்து போகும்போது கதவில் மோதினாள். ஸ்பீக்கரில் கேட்டது.

நாள் 48. காலை 10.10
அவள் அந்த அறையில், நான் இந்த அறையில். இரண்டு மைக்கும் திறந்திருக்கிறது.
பேச்சி: "உங்க மேல தப்பில்ல, டாக்டரம்மா. எனக்குத்தான் பாக்கத் தெரியல. இந்தாருங்க, கேக்குதா? நீங்க எப்படிப் பாத்தீங்க? தலையச் சாய்ச்சா, நேராவா? எனக்குச் சொல்லிக் குடுங்க."
சொன்னேன். வேறு என்ன இருக்கிறது என்னிடம். நேராப் பாரு, பேச்சி. மொதல்ல சாவி. அடுத்தது வாளி. அப்புறம் சீப்பு. அப்புறம் விசிறி.
டாக்டர்: "ஐயா, நான் இன்னும் படமே வைக்கலியே."

10.14
கூப்பிட்டேன்: பேச்சி, கேக்குதா?

10.31
அவள் பக்கத்து மைக் திறந்தேதான் இருக்கிறதாம். டாக்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.