ரஞ்சித் போட்ட பக்கம்

ரூட் ஒன், நியூ ஜெர்சி
9-12-1995

அன்பு மகள் வான்மதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் உயிரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், மருதமலையானிடம் இப்போது நான் கேட்பது அது ஒன்றைத்தான். எங்கள் நலத்தை எழுத வேண்டிய இடம் வந்ததும் பேனாவை வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தேன், இன்னும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை, இருக்கிறோம் கண்ணு. நீ ஃபோனில் கேட்கும்போதெல்லாம் அப்பா நல்லா இருக்கார் என்று சொல்லிவிடுகிறேன், பக்கத்து சோபாவில் அவரை வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்வது, இந்த வீட்டில் ஒரு கோடியில் பேசினால் மறு கோடிக்குக் கேட்கும். இன்றைக்கு அவரோடு ட்ரென்டன் கம்பெனியில் வேலை பார்த்த கிட்டுசாமி அண்ணன் வந்து பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர்கள் திரும்புவதற்குள் இதை எழுதித் தபாலில் போட்டுவிட வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது என்று நிறுத்திவிடாதே, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள். இன்னும் நீயே ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், கேட்டதிலிருந்து நீ வீடு திரும்பும் நேரம்வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு மாதமாவது அவரையே கொண்டுபோய் விடச் சொல்.

போன வருஷம் அக்டோபரில் தம்பி ரஞ்சித்தின் காரியத்துக்கு நீ வந்திருந்தபோது இந்த வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டாய், அன்றைக்கு யார் எதைப் பார்த்தோம். அப்பாவின் கம்பெனி மூடியபிறகு வெஸ்ட் வின்ட்சர் வீட்டை விட்டுவிட்டு வந்து இவன் வாங்கின இந்த மொபைல் ஹோமில் இவனோடு சேர்ந்துகொண்டோமே, இதற்கு அஸ்திவாரம் என்று ஒன்று கிடையாது. மண்மேல் கான்கிரீட் பிளாக்குகளையும் இரும்பு ஸ்டாண்டுகளையும் வரிசையாக நிறுத்தி அவற்றின் மேல் வீட்டைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். அடியில் காற்றும் பனியும் பிராணிகளும் புகாமல் இருக்கச் சுற்றிலும் பாவாடை கட்டின மாதிரி ஒரு மறைப்பு, ஸ்கர்ட்டிங் என்கிறார்கள். இருந்தது பழசாகிப் பிய்ந்து தொங்கியது. அந்தக் கோடையில் ரஞ்சித் தானே புதுசாகப் போடுகிறேன் என்று பலகை வாங்கி வந்து, ரேடியோவைப் புல்மேல் வைத்துக்கொண்டு, தன் ரூம் பக்கத்தையும் வாசல் பக்கத்தையும் போட்டு முடித்தான். ஆபீஸில் கம்ப்யூட்டர் தட்டுகிற பையன், சுத்தியல் பிடிக்கத் தெரியாது, இருந்தாலும் ஒரு ஆணிகூடக் கோணாமல் அழகாகத்தான் அடித்தான். அப்பா போய்ப் பார்க்கும்போதெல்லாம் இட்ஸ் ஃபைன்பா, ஐ காட் இட், நான் பார்த்துக்கறேன் என்பான். மீதியை இலை உதிர்ந்தபிறகு போடலாம் என்று வைத்தான். இலை உதிர்வதற்குள் அந்த மழையும் அந்த டிரக்கும் வந்துவிட்டன.

அதற்குப்பிறகு ஒரு வருஷம் அப்பா அந்தப் பக்கமே போகவில்லை, சமையலறைக் கதவு வழியாகவே வந்து போனார். செப்டம்பரில், இந்த மொபைல் ஹோம்களெல்லாம் நிற்கிற பார்க்கின் மேனேஜர் டோரீன் வந்தாள், நல்லவள்தான், தம்பி போனபோது கேக் செய்து கொண்டுவந்தவள். பின்பக்கம் திறந்து கிடக்கிறது, பிளாக்கெல்லாம் சாய்ந்திருக்கிறது, பனி விழுவதற்குள் அடியைச் சுத்தம் செய்து மூடாவிட்டால் பார்க்கில் இருக்க விடமாட்டார்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் காலையில் ரஞ்சித்தின் பழைய பேன்ட்டை மாட்டிக்கொண்டு அடியில் புகுந்தார். பொய் சொல்லவில்லை கண்ணு, எனக்கு அன்றைக்கு சந்தோஷமாக இருந்தது. பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டார். மக்கிய இலை, பழைய டயர், ஏதோ பிராணி கட்டின கூடு எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டார். ஒவ்வொரு இரும்பு ஸ்டாண்டையும் கம்பி பிரஷ் வைத்துத் துரு போகத் தேய்த்து பெயின்ட் அடித்தார். சாய்ந்த பிளாக்கை நிமிர்த்தி, மேலே மர ஆப்பு செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, தண்ணீர்க் குழாய்க்குத் துணி சுற்றி, மண்மேல் தடித்த பிளாஸ்டிக்கைச் சுருக்கம் இல்லாமல் விரித்தார். அதற்குப்பிறகுதான் காற்றுத் துளை வைத்த தகட்டால் மூடினார். நான் டார்ச் பிடித்தேன். இந்த மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ரஞ்சித் ரூம் கதவு தரையில் உரச ஆரம்பித்தது. அப்பா கதவின் அடியை இழைத்தார். சில நாளில் மறுபடி உரசியது, மறுபடி இழைத்தார். ஜன்னல் ஓரம் சுவரில் ஒரு விரிசல் விட்டது. குளிருக்கு மரம் அப்படித்தான் பண்ணும் என்றார், நானும் நம்பினேன். டோரீன் பார்க்க வந்தபோது அப்பா செய்த பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, பார்க்கில் இருக்கிறவர்களை எல்லாம் கூட்டிவந்து காட்ட வேண்டும் போலிருக்கிறது என்றாள். பிறகு தம்பி போட்ட பக்கம் போனாள். பலகையின் அடியில் கையை வைத்துப் பார்த்தாள், ஒரு பலகையைத் திறக்க முடியுமா என்று கேட்டாள். அப்பா தேவையில்லை என்றார். அவள் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் அவரே திறந்தார். உள்ளேயிருந்து வந்த நாற்றத்தை எப்படி எழுதுவது, கிணற்றடிச் சேறு மாதிரி. பிள்ளை காற்றுத் துளை எதுவும் வைக்கவில்லை, மண்ணுக்குப் பிளாஸ்டிக்கும் போடவில்லை, அவனுக்கு யார் சொன்னார்கள். மண்ணின் ஈர ஓதம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, ஸ்டாண்டெல்லாம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்திருந்தது. அவன் ரூம் தரையைத் தாங்குகிற கட்டை டீயில் முக்கின ரஸ்க் மாதிரி விரலுக்குப் பிய்ந்தது. ஒரு பிளாக் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. இந்தப் பக்கம் முழுக்க எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரூம் உட்கார்ந்துவிடும் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், அவரைப் பார்க்கவில்லை. யார் போட்டது இது என்று கேட்டாள். அப்பா கீழே கிடந்த ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அவள் போனபிறகு அப்பா எடுத்த பலகையைத் திரும்ப வைத்து மூடினார். நான் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன், பிரிச்சுப் போட்டுட்டு நீங்களே நல்லபடியா போட்டுருங்க, பையன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான் என்று. அவர் பலகைமேல் கையை வைத்துக்கொண்டே, "பிரிச்சுட்டா அவன் செஞ்சதுன்னு இங்க என்ன இருக்குது வசந்தா" என்றார். வீடே அவன் வாங்கினதுதானேங்க என்றேன். "வாங்கினது வேற. கையால செஞ்சது இது ஒண்ணுதான்" என்றார்.

அதிலிருந்து அவர் தான் செய்த பக்கமாகப் புகுந்து ஊர்ந்தே ரஞ்சித் ரூம் அடிக்குப் போய்விடுவார். பலகையைத் தொடாமலே உள்ளேயிருந்து தாங்கிவிடலாம் என்று ஜாக்கிமேல் ஜாக்கி வைத்தார், ஆப்புமேல் ஆப்பு அடித்தார். ஒன்றைத் தூக்கினால் அடுத்தது இறங்கியது. ஈரமண்ணில் படுத்துப் படுத்து இருமல் பிடித்துக்கொண்டது, பிரஷர் மாத்திரையை மறந்தார், சாப்பிடக் கூப்பிட்டால் வெறும் இருமல்தான் பதிலாக வரும். அவர் கீழே இருக்கும்போது மேலே நடக்கவே எனக்கு பயம் வான்மதி. என் கால் பட்டு ஏதாவது சரிந்துவிடுமோ என்று அடுப்படியில் நின்ற இடத்திலேயே நிற்பேன், பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைப்பேன். சொந்த வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் என்று நன்றி சொல்லும் பண்டிகை வருமே, அதற்கு முந்தின வாரம் மத்தியானம் ஒரு ஜாக்கி நழுவியது. வீடு ஒரு சாண் இறங்கினாற்போல ஒரு அதிர்ச்சி, ஷெல்ஃபில் இருந்த தட்டெல்லாம் விழுந்து உடைந்தன. நான் செருப்புகூட இல்லாமல் ஓடிப்போய்ப் புல்லில் குப்புறப்படுத்து உள்ளே பார்த்தேன். தோள்பட்டை சிராய்த்து, முகத்துக்கு மேலே ஒரு கை உயரத்தில் உத்தரம் நிற்க, கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். வெளியே வர அவசரம் இல்லாதவர் மாதிரி கிடந்தார், அதுதான் என்னைக் கொன்றது. "பையனைக் குடுத்தாச்சுங்க, உங்களையும் இதுக்கடியில குடுத்துட்டு நான் யாருகூட இருக்கறது" என்று கேட்டேன். அதற்குப்பிறகுதான் ஊர்ந்து வந்தார். தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன், சின்னப் பிள்ளை மாதிரி நின்றார்.

மறுநாள் அவரே பிரிக்க ஆரம்பித்தார். கடப்பாரையால் நெம்பினால் அரை மணியில் முடிகிற வேலை. அவர் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார், பலகையை என் கையில் கொடுத்தார், நான் வாங்கிச் சாய்த்து வைத்தேன். கிட்டுசாமி அண்ணன் வந்து உத்தரம் மாற்றவும் வீட்டை நிமிர்த்தவும் கை கொடுத்தார். புது ஸ்டாண்ட், புது பிளாஸ்டிக், காற்றுத் துளை வைத்த தகடு, மற்ற பக்கம் மாதிரியே எல்லாம் ஆயிற்று. டோரீன் வந்து சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கதவு உரசாமல் சாத்துகிறது. அப்பா ரோட்டில் போய் நின்று வீட்டைப் பார்த்தார், சுற்றி வந்தார், மறுபடி சுற்றினார். காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "எந்தப் பக்கம் அவன் போட்டதுன்னே தெரியல" என்றார். நான் கையைக் காட்டினேன். தெரியும் என்றார்.

பிரித்த பலகைகளைக் குப்பை வண்டி எடுத்துப்போகட்டும் என்று கிட்டுசாமி அண்ணன் ரோட்டோரம் அடுக்கிவிட்டுப் போனார். நான் துணி துவைக்கப் போய்விட்டு வருவதற்குள் அப்பா அத்தனையையும் தூக்கிவந்து ரஞ்சித் ரூமில், அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார். வீடெல்லாம் அந்த ஓத நாற்றம், ஊதுவத்தி ஏற்றினாலும் போகவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். துடைக்கத் துடைக்க மரம் உதிர்கிறது. தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

உன்னிடம் வர ஜனவரிக்கு எடுத்த டிக்கெட்டை நான் ரத்து பண்ணச் சொல்லிவிட்டேன் கண்ணு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். உன் பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இல்லாமல் போவது எனக்கே பொறுக்கவில்லை. இரண்டு பேருமாகப் போகலாம், பேரனோ பேத்தியோ மடியில் வந்தால் மனசு மாறும் என்று அவரிடம் எவ்வளவோ சொன்னேன். "நானும் வந்துட்டா அவனை யாரு பாத்துக்குவாங்க" என்றார். அவனை என்றார் வான்மதி, வீட்டை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற மனுஷனை இந்தக் குளிரில் தனியே விட்டுவிட்டு நான் எப்படி விமானம் ஏறுவேன். உன்னையும் வைத்துக்கொண்டு அவரையும் விடாமல் இருக்க எனக்குத்தான் இரண்டு உடம்பு இல்லையே. டாக்டரைப் பார்க்கலாம் என்றால் எனக்கு என்ன வியாதி என்று கேட்கிறார், கிட்டுசாமி அண்ணன்தான் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே இன்னொரு டாக்டரிடமும் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உங்கள் பக்கத்துத் தெரு ஸ்வர்ணா ஆண்ட்டியிடம் நானே பேசிவிட்டேன், ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஒரு மாதம் பத்தியச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. பூண்டை நல்லெண்ணெயில் சிவக்க வதக்கிக் குழம்பு வைக்கச் சொல், வெட்கப்படாமல் கேட்டுச் சாப்பிடு. மருந்து லேகியம் கிளறிப் பார்சலில் அனுப்புகிறேன், வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு போதும். தலைக்கு ஊற்றினால் ஈரத்தோடு நிற்காதே. மாப்பிள்ளையிடம் எங்கள் நிலைமையைப் பக்குவமாகச் சொல், அவர் வீட்டில் தவறாக நினைக்காமல் பார்த்துக்கொள். ஃபோனை அப்பா எடுத்தால் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்காதே, குழந்தை உதைக்கிறதா, என்ன சாப்பிட்டாய், அதை மட்டும் சொல்லு, பதில் வராவிட்டாலும் சொல்லிக்கொண்டே இரு, கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

நீயும் உன் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் பிழைத்து வர வேண்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பது உங்களுக்குச் சேரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பையன் பிறந்தால் தம்பி பேரை வைக்கிறேன் என்று போன வாரம் சொன்னாய், உன் மனசு எனக்குப் புரிகிறது. வேண்டாம் கண்ணு. அதற்கு அதற்கென்று ஒரு பேர் வை. அந்தப் பேரைச் சொல்லி ஒரு குழந்தையைக் கூப்பிட்டால், திரும்பிப் பார்ப்பது அவன் இல்லையே என்றுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றும், அந்தப் பாவம் அந்தக் குழந்தைக்கு எதற்கு.

கையாலாகாமல் இங்கே இருந்துகொண்டு ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா
வசந்தாமணி சேனாபதி