சுறாவின் வாயில் இருந்த பச்சை

மாமு,

இன்று காலை பக்கத்து வீட்டுச் செல்வி தன் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அண்ணா, இத்தோட வாயப் பாரு, இன்னாமோ பச்சையா கீது! எலிக்கு வெச்சத துன்னுட்ச்சோன்னு பயமா கீது." அன்று உன் நாய் சுறாவின் வாயிலும் அதே பச்சைதான் இருந்தது.

அந்த வருஷம் காசிமேட்டில் நம் வலைக் கொட்டகையில் எலித் தொல்லை தாங்கவில்லை. புது வலையைக் கடித்துக் குதறியிருந்தன. மருந்து வைக்கிறேன் என்றதற்கு நீ, "வாணாம் மாமு, சுறா அங்கதான் பட்த்துக்கினு கீது. பொறி வெச்சிக்கலாம்" என்றாய். நான் கேட்டேனா? எலிக்கு வாசம் பிடிக்கட்டும் என்று பச்சை மருந்துக் கட்டியை நெத்திலிக் கருவாட்டோடு நசுக்கி வைத்தேன். கருவாடு தின்றே வளர்ந்த நாய் அது. புத்தி எங்கே போயிற்று எனக்கு!

சாயங்காலம் வந்து அதன் வாயைத் திறந்து பார்த்தாய். "பச்சையா கீதே, எதுனா மருந்து வெச்சியா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாமா?"

"போட்டுக்கு அடிச்ச பெயிண்ட்டா இருக்கும் மாமு."

மருந்துக் கட்டி வந்த அட்டை அப்போது என் லுங்கி மடிப்பில் இருந்தது. நீ நம்பிவிட்டாய். நீ போன பிறகு திருட்டுத்தனமாக அதன் வாயில் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். மூக்கில் ஏறி இருமியதுதான் மிச்சம். மறுநாள் சுறா வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. அப்பாடா, தப்பித்தோம் என்று நிம்மதியாக டீ குடித்தேன். மூன்றாம் நாள் ஈறிலிருந்து ரத்தம் வழிந்தது. எழுந்து நிற்கவும் முடியவில்லை.

ஆட்டோவில் உன் மடியிலேயே கிடந்தது. "என்ன சாப்பிட்டது?" என்று டாக்டரம்மா கேட்டபோதுதான் அட்டையை எடுத்து நீட்டினேன். "இது ரத்தத்தை உறைய விடாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் வெளிய தெரியும். அன்னிக்கே இதை எடுத்துக்கிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே" என்றார். ஊசி போட்டும் சுறா அன்று மதியத்தைத் தாண்டவில்லை.

நீ திட்டவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம், "எங்கியோ துன்னுட்ச்சி, பாவம்" என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாய். போன ஐப்பசியில் கண்ணை மூடும்வரை அதையேதான் சொன்னாய். பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றேன், வெட்கங்கெட்டவன்.

இன்று செல்வி உப்புத் தண்ணீர் கரைக்கப் போனாள். "ஒண்ணும் ஊத்தாத! மருந்து அட்டை எங்க? எப்போ துன்னுச்சி?" என்று கத்தினேன். அட்டையோடு ஆட்டோ பிடித்து அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேயே வாந்தி எடுக்க வைத்தார்கள். சில வாரம் மாத்திரை, பிறகு ரத்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தார்கள். குட்டி பிழைத்துவிடும்.

"கரெக்டா அட்டையோட வந்தீங்களே, யார் சொல்லிக் கொடுத்தது?" என்று டாக்டர் கேட்டார். செல்வியும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் தோஸ்து நாய நான்தான் கொன்னேம்மா" என்றேன்.

இத்தனை வருஷம் நீ மூடி வைத்ததை நான் திறந்துவிட்டேன். கோச்சிக்காத மாமு.