கருகிய ஓரம்

இன்று காலை என் லேபுக்குச் சோதனைக்காக ஒரு சின்ன பாட்டில் வந்தது. உள்ளே கடுகளவு சதை, ஓரமெல்லாம் கருகியிருந்தது. கிருஷ்ணகிரியில் ஒரு இளம் டாக்டர் லேசரில் எடுத்து அனுப்பியிருக்கிறார். கத்தியால் எடுத்து அனுப்புங்கள் என்று போன் செய்தேன். அவருக்குக் கோபம். எனக்கோ உன் மேல் கோபம். நீ போய் இத்தனை வருடம் ஆகியும் இந்தச் சண்டையை நான் உன்னோடுதான் போடுகிறேன்.

தொண்ணூறுகளில் ஓசூரில் உன் நர்சிங் ஹோமுக்கு லேசர் மெஷின் வந்தபோது உன்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. "ரத்தமே வராதுடி, தையலே வேணாம்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை. அடுத்த தெருவில் என் லேப். நீ வெட்டுவாய், நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வேன். கல்லூரி விடுதியிலேயே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது.

அப்போதுதான் பாத்திமா வந்தாள். மாம்பழக்கூழ் கம்பெனியில் பழம் நறுக்குகிறவள். ஓயாமல் புகையிலை போட்டுக் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, நடுவில் ஆறாத புண். புற்றா இல்லையா என்று தெரிய வேண்டும்.

"கத்தி வெச்சா பரவிரும்னு எல்லாரும் சொல்றாங்க டாக்டரம்மா. லேசருன்னா எடுத்துக்குங்க" என்றாள். நீயும் ஆசையாக லேசரிலேயே எடுத்தாய்.

வந்த துண்டில் செல்கள் சூட்டில் இழுபட்டு உருவமே தெரியாமல் கிடந்தன. 'சொல்ல இயலவில்லை' என்று எழுதினேன். நீ லேபுக்கே வந்துவிட்டாய்.

"ஏதோ ஒண்ணு எழுதுடி. அவ இன்னொரு தடவ வர மாட்டா."

"சூட்டுல கெட்டதா, கேன்சர்ல கெட்டதான்னே தெரியல. தப்பா எழுதினா ஒண்ணு அவ தாடை போகும், இல்ல உயிர் போகும். கத்தியால எடுத்துக் குடு."

வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே போனாய். ஆனாலும் அவளை மறுபடி வரவழைத்தாய். பரவாது என்று நீ எத்தனை சொல்லியும் அவள் மாட்டேன் என்றே தலையாட்டினாள். கடைசியில் ஆபரேஷன் கத்தியை எடுத்து அவள் கண்முன் காட்டினாய். அவள் சிரித்துவிட்டாள்.

"இதுவா கத்தி? இத வெச்சு எங்க கம்பெனில ஒரு காம்பு கூட அறுக்க முடியாதே."

அத்தனை நாளும் அவள் மனதில் இருந்தது மாங்காய் பிளக்கிற கத்தி. நமக்கு அது தோன்றவே இல்லை. இந்தச் சின்னக் கத்திக்கு உடனே வாய் திறந்தாள்.

இரண்டாவது துண்டு சுத்தமான ஓரத்தோடு வந்தது. பார்த்ததுமே தெரிந்தது, ஆரம்ப நிலைப் புற்று. பிறகு சுற்றிலும் நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து உன் லேசராலேயே அகற்றினாய். அதற்கு அந்த மெஷின் அருமை, நான் மறுத்ததே இல்லை. பாத்திமா தாடையோடும் பேச்சோடும் வீடு போய்ச் சேர்ந்தாள். அதன்பின் நீ, "பாக்கறதுக்குக் கத்தி, நீக்கறதுக்கு லேசர்" என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தாய், என்னவோ நீயே கண்டுபிடித்த மாதிரி.

சில வருடம் கழித்து உனக்கே மார்பில் கட்டி வந்தது. பெங்களூரில் பெரிய பெரிய லேப் எல்லாம் இருக்க, பாட்டிலை எடுத்துவந்து என் மேஜையில் வைத்தாய்.

"கத்தியாலதான் எடுக்கச் சொன்னேன். ஓரம் நல்லா இருக்கும். எனக்காக எதையும் கொறச்சு எழுதாத."

அன்று நான் அழுதேன். அழுது முடித்துவிட்டுப் பார்த்தேன், உள்ளதை எழுதினேன், ஒரு சொல்லும் குறைக்கவில்லை. வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"இதுக்குத்தான்டி உங்கிட்ட கொண்டு வந்தேன்."

உன்னுடையதையே உள்ளபடி எழுதியவள் நான். இனி யார் கோபித்துக்கொண்டாலும் எனக்கு ஊகித்து எழுத வராது.